பழைய சோத்துக்குப் பள்ளிக்கூடம்

ஏண்டா பேராண்டி, காரைக்குடிக்குப் போயி அம்மியில மசாலா அரைக்கக் கத்துக்கிட்டு வரப்போறியாமே? பணமும் கட்டிட்டியாமே? ஒங்கம்மா சொன்னா. சொல்றப்ப அவ மொகத்துல இருந்தது பெருமையா வயித்தெரிச்சலான்னு எனக்கு வெளங்கல. கல்யாணமாகி வந்த நாள்லேருந்து அவளுந்தான் அரைச்சா. ஒருத்தனும் ரசீது வாங்கிக்கிட்டுக் கத்துக்க வரல. அந்த அம்மி இப்ப கொல்லப்பக்கம் துணி தொவைக்கற கல்லா கெடக்குது. நீ காரைக்குடி அம்மியத் தொட்டுக் கும்பிட்டு செல்பி எடுக்கப் போற.

போ, வாணாங்கல. அந்தக் காலத்துச் சமையலக் கத்துக்கறது, போற எடத்துல நாலு சிநேகிதம் புடிக்கறது, ரெண்டும் நல்ல காரியம். ஆனா கெழவன் ஒருத்தன் உசுரோட உக்காந்திருக்கறப்ப ஒரு வார்த்த கேக்காம போவலாமா? நீ கேக்கலன்னாலும் சொல்லுவன். கேக்காதவனுக்குச் சொல்றதுலதான் ருசியே இருக்குது.

நம்ம ஊரு கதை ஒன்னு இருக்குது. பக்கத்துத் திருநாவலூருக்காரரு சுந்தரமூர்த்தி நாயனாரு. அவருக்கு நம்ம விருத்தாசலத்துச் சாமி பழமலைநாதரு 12,000 பொன்னு குடுத்தாரு. அம்மாம் பொன்னையும் கள்ளன் கண்ணுல படாம திருவாரூரு வரைக்கும் எப்பிடித் தூக்கிக்கிட்டுப் போறது? ‘இங்க மணிமுத்தாத்துல போட்டுட்டுப் போ, அங்க கமலாலயக் கொளத்துல எடுத்துக்க’ன்னுட்டாரு சாமி. ஆத்துல போட்டுட்டுக் கொளத்துல தேடறதுன்னு சொல்றாங்களே, அது இந்த மண்ணுல பொறந்த பேச்சு. நீயும் அந்த வம்சந்தான். அடுப்படியில போட்டுட்ட, சுற்றுலாவுல தேடற. இதுல எனக்கு வயித்தெரிச்சல் என்னான்னா, நீ ஏறப்போற பல்லவன் ரயிலு நம்ம விருத்தாசலம் டேசன்ல நின்னுட்டுத்தான் காரைக்குடிக்குப் போவும். அந்த நேரம் பாத்து நீ காதுல இயர்போனச் செருவிக்கிட்டுத் தூங்குவ.

அந்தக் கதையில எனக்குப் புடிச்சது நாயனாரோட உஷாரு. குடுத்தவரு சாமி, அதுவும் தோழரு. அப்பிடியும் மாதிரிக்கு ஒரு துணுக்கு மச்சம் வெட்டி மடியில வச்சுக்கிட்டுத்தான் மிச்சத்த ஆத்துல போட்டாரு. கொளத்துல எடுத்து ஒரசிப் பாத்தா மாத்து கொறைவு. விடுவாரா? சரி பண்ணி வாங்கிக்கிட்டுத்தான் போனாரு. சாமி குடுத்த பொன்னையே ஒரசிப் பாத்த பக்கத்துலேருந்து போற நீ, ‘ஈராயிரம் வருஷத்து விருந்து’ன்னு எவனோ விளம்பரம் போட்டா அப்பிடியே நம்பிடறியே! நீயும் மடியில மச்சம் வச்சுக்க. எங்க போனாலும் மூணு கேள்வி கேளு, போதும்.

மொத கேள்வி: இதுல மொளகா போடுவீங்களா?

சங்ககாலத்து விருந்துன்னு சொல்லிட்டு ‘ஆமா’ன்னாங்கன்னா, சங்ககாலம் அங்கியே படுத்துக்கிச்சுன்னு அர்த்தம். மொளகா, தக்காளி, உருளக்கெழங்கு எல்லாம் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. 1498ல வாஸ்கோட காமா கோழிக்கோட்டுல கால் வச்சதுக்கு அப்புறந்தான் அதெல்லாம் கப்பலேறி இந்தப் பக்கம் வந்துது. அதுக்கு முந்தி நமக்குக் காரம்னா மெளகு. பாரி மகளுங்களுக்குத் தக்காளி ரசமும் தெரியாது, உருளக்கெழங்கு வறுவலும் தெரியாது. பாவம், அப்பிடியே பாட்டுப் பாடிட்டுப் போயிடுச்சுங்க.

ரொம்பச் சிரிக்காத. நம்ம ஊரு பெருமன்னு நீ ஆபீசுல பொட்டலம் பொட்டலமாக் குடுக்கறியே முந்திரி, அதுக்குப் பொறந்த ஊரு பிரேசிலு. மல்லாட்டைக்கும், அதான் வேர்க்கடலைக்கும், தென் அமெரிக்காதான். நம்ம ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க வி.ஆர்.ஐ.ன்னு பேரு வச்சு முந்திரியிலயும் ரகம் விட்டாங்க, மல்லாட்டையிலயும் ரகம் விட்டாங்க. ரேசன் கார்டு குடுக்காத கொறதான், நம்மாளா ஆக்கிட்டோம். வந்தவன ஊருக்காரனா ஆக்கிக்கறதுல தப்பே இல்ல. அவன் ஆதியிலேருந்து இங்கதான் இருந்தான்னு சொல்லிப் பணம் வாங்கறதுதான் தப்பு.

ரெண்டாங் கேள்வி: எதப் பாத்து இதச் செய்யறீங்க?

‘பாட்டி சொன்னது’ன்னு சொல்லுவாங்க. பாட்டியும் சாட்சிதான், நான் தள்ள மாட்டன். ஆனா எந்த ஊருப் பாட்டி, யாருகிட்டக் கத்துக்கிட்டான்னு கேளு. பாட்டிக்கு முந்தின சாட்சி வேணும்னா கோயில் செவுத்தப் பாரு. அம்பாசமுத்திரத்துல வரகுண பாண்டியன் காலத்துக் கல்வெட்டு ஒன்னு, 9ஆம் நூற்றாண்டு. சாமிக்கு நாலு வேளைக்கும் என்னென்ன படைக்கணும்னு அதுல வெட்டி வச்சிருக்கான். கும்மாயம்னு பயத்தம்பருப்புப் பண்டம், புளிங்கறி, பொரிக்கறி, நெய்யி, தயிரு, வாழப்பழம், எல்லாத்துக்கும் அளவு. எட்டு ஆழாக்குக்கு ஒரு நாழி, எட்டு நாழிக்கு ஒரு குறுணின்னு அந்தக் காலத்துல அளந்தாங்க. கல்லுலயும் பொய் வெட்டலாமேன்னு கேப்ப. ராசாவோட வீரத்துல வெட்டலாம். படியளப்புல வெட்டுனா பூசாரி சும்மா இருக்க மாட்டான்.

தஞ்சாவூருக்குப் போனியானா சரசுவதி மகால் நூலகத்துல சரபேந்திர பாகசாஸ்திரம்னு ஒன்னு இருக்குது. 1798லேருந்து 1832 வரைக்கும் பட்டத்துல இருந்த ரெண்டாம் சரபோசி ராசாவோட அரமன அடுப்படிக் கணக்கு. மராத்தி ராசா, தமிழ்நாட்டுல அரமன, அதுல இங்கிலீசுக்காரன் பண்டத்துக்கும் எடம். அங்க மொளகா இருந்தா சண்டைக்குப் போவாத. அதுக்குள்ள மொளகா வந்து முன்னூறு வருஷம் ஆயிடுச்சு.

இந்தப் பித்து ஒனக்கு மட்டும் புடிச்சதுன்னு நெனைக்காத. இப்ப ஈராக்குன்னு சொல்ற எடத்துல பழைய பாபிலோனியாக்காரன் சமையல் குறிப்பக் களிமண் பலகையில கீறி வச்சுட்டுப் போனான். கிட்டத்தட்ட 3,700 வருஷம் ஆவுது. அமெரிக்காவுல யேல் பல்கலைக்கழகத்துல அந்தப் பலகைங்க இருக்குது. படிச்ச பெரிய மனுசங்க அதப் பாத்து ஆட்டுக்கறிக் கொழம்பு வச்சு ருசி பாத்திருக்காங்க. நல்ல வேள, களிமண்ணுல எழுதுனான். செல்லுல எழுதியிருந்தா சார்ஜ் போனதோட கொழம்பும் போயிருக்கும். களிமண்ணோட அருமைய, பீங்கான் பண்ற விருத்தாசலத்துக்காரனுக்கு எவனும் சொல்ல வாணாம். லண்டன் பக்கத்துல ஹாம்ப்டன் கோர்ட்டுன்னு அரமன. எட்டாம் ஹென்றி ராசா காலத்து அடுப்படிய வச்சுக்கிட்டு அந்தக் காலத்துப் பண்டத்த அந்தக் காலத்து உடுப்பு போட்டுக்கிட்டு ஆக்கிக் காட்டியிருக்காங்க. காரைக்குடியிலயே ‘பங்களா’ன்னு ஒரு விடுதி, மீனாட்சி மெய்யப்பன் ஆச்சி பேரு சொன்னா ஊரே கைகாட்டும், தேசம் விட்டு தேசம் வந்து செட்டிநாட்டுச் சமையலக் கத்துக்கிட்டுப் போறாங்க. செட்டியாருங்க பர்மா, மலேயா, சிலோனுன்னு கடல் தாண்டிக் கொடுக்கல் வாங்கல் பண்ணவங்க. அவுங்க விருந்துல வைக்கற கவுனி அரிசி பர்மாவுலேருந்து வந்ததுன்னு அவுங்களே சொல்லுவாங்க. சரக்கு எங்கேருந்து வந்துதுன்னு மறைக்காத சமையலு நல்ல சமையலு.

மூணாங் கேள்விதான் முக்கியம். அதச் சத்தமாக் கேக்காத, பதமாக் கேளு: இத அந்தக் காலத்துல யாரு ஆக்குனாங்க, யாரு தின்னாங்க?

சிறுபாணாற்றுப்படைன்னு படிச்சிருப்பியே, பரிச்சைக்காவது? திண்டிவனத்துப் பக்கம் கிடங்கில்லேருந்து ஆண்ட நல்லியக்கோடனப் பத்தின பாட்டு. அவங்கிட்டப் போயி பரிசு வாங்கிட்டு வந்த பாணன் ஒருத்தன், எதிர்ல வர்ற பசிச்ச பாணனுக்கு வழி சொல்றான். எயிற்பட்டினத்துக்குப் போ, பரதவங்க கள்ளும் சுட்ட மீனும் குடுப்பாங்க. வேலூருக்குப் போ, வேட்டுவங்க சுடுசோத்தோட காட்டுமாட்டுக் கறி குடுப்பாங்க. ஆமூருக்குப் போ, ஒழவங்க வெள்ளச்சோத்தோட நண்டு குடுப்பாங்க. ஒன் சுற்றுலாக் கம்பெனிக்காரன் இதவிட என்னாத்தச் சொல்லிடப் போறான்? காசும் கேக்கல.

ஆனா அதே பாட்டுல அந்தப் பாணன் வூட்டையும் காட்டுறாரு புலவரு. பாழாக் கெடக்கற அடுப்படியில கண்ணு தெறக்காத குட்டிங்களோட நாய் ஒன்னு படுத்திருக்குது. வூட்டுப் பொம்பள குப்பையில மொளச்ச வேளக்கீரய நகத்தால கிள்ளியாந்து, உப்பு வாங்க வக்கில்லாம உப்பில்லாமலே வேவ வைக்கறா. அக்கம்பக்கத்துல எவளாச்சும் பாத்துட்டா மானம் போயிடும்னு வாசக்கதவச் சாத்திட்டு, சொந்தபந்தத்தோட பங்கு போட்டுத் தின்றா.

எங்காயாளும் அப்பிடித்தான். நம்ம பக்கம் அப்ப வரகு வெளைஞ்ச பூமி. வரகுன்னா சும்மா இல்லடா. மேலுக்கு மேல ஒமி போத்திக்கிட்டு இருக்கும். கல்லுத் திருவையில போட்டா நொறுங்கிடும்னு, களிமண்ணாலயே திருவ பண்ணி, அதுல வரகக் கொஞ்சங் கொஞ்சமாப் போட்டுத் திரிச்சு, மொறத்துல பொடச்சு, ஒரல்ல போட்டுக் குத்தி, மறுபடியும் பொடச்சாத்தான் அரிசி கண்ணுல படும். மழையில நனைஞ்ச வரகுன்னா பூசணம் புடிச்சுக்கும். தின்னா தலய சுத்தி ஆளக் கெடத்திடும். அதுக்கும் பயந்து பயந்து பக்குவம் பாக்கணும். இம்மாம் பாடுபட்டு ஆக்குன கஞ்சிய, வாசல்ல யாராச்சும் வெளியாளு வந்தா எங்காயா என்னா பண்ணுவா தெரியுமா? மொறத்தால சட்டிய மூடிட்டு, ‘இப்பத்தான் நெல்லுச்சோறு துன்னுட்டுக் கைய கழுவுனோம்’னுவா. நெல்லுச்சோறு கண்ணுல காட்டுனது பொங்கலுக்கு, தீவாளிக்கு, ஊருல எவனாச்சும் செத்தா கருமாதிக்கு.

அதே வரகு, கேவுரு, கம்புக்கு ஐ.நா. சபையே 2023ஆம் வருஷத்தச் சிறுதானிய ஆண்டுன்னு பட்டங்கட்டிடுச்சு. எங்காயா மூடி வச்சதத் தெறந்து காட்டறதுக்குத்தான் நீ பணம் கட்டியிருக்க. சந்தோசம். ஆனா கூழு காய்ச்சற பக்குவத்தோட அந்த மொறத்தையும் சேத்துச் சொல்லிக் குடுக்கறாங்களான்னு பாரு. பசியச் சொல்லாம பண்டத்த மட்டும் சொல்லிக் குடுத்தா, அது வரலாறு இல்ல, வியாபாரம். ஔவையாரு புல்வேளூரு பூதன் வூட்டுல வரகரிசிச் சோறும் கத்திரிக்காயும் புளிச்ச மோரும் துன்னுட்டு, இதுக்கு வெலையே இல்லன்னு பாடுனாங்கன்னு கத இருக்குது. ஒன் மொத கேள்வியில தேறற சாப்பாடு அது. மொளகாயும் இல்ல, தக்காளியும் இல்ல.

சரி, சிநேகிதத்துக்கு வருவோம். அங்க ஒங்கூட நிக்கறவங்க பெங்களூருக்காரன், மலேசியாத் தமிழச்சி, பிரான்சுலேருந்து வந்த அம்மான்னு கலந்து கட்டி இருப்பாங்க. அவுங்ககிட்ட எப்பிடி நடந்துக்கணும்னு ஒனக்குத் தெரியாது. ஒனக்குத் தெரிஞ்சதெல்லாம் கைய நீட்டி ‘ஹாய்’ சொல்றது.

வெறுங்கைய வீசிக்கிட்டுப் போவாத. நம்ம டேசன்ல வண்டி நிக்கற நேரத்துக்கு நான் பையோட வந்து நிக்கறன். பீங்கான் பேட்டையிலேருந்து அகல் வெளக்கும் நாலு பொம்மையும் வாங்கி வைக்கறன், எடுத்துக்கிட்டுப் போ. நெய்வேலியில நெலக்கரிக்குத் தோண்டறப்ப மேல வர்ற களிமண்ணு, சாந்துபட்டு, சூளையில வெந்து, கண்ணுங் காதுமா வந்த பொம்மைங்க. அச்சுல ஊத்துன களிமண் பாலு எப்பிடிப் பொம்மையாவுதுன்னு யாராச்சும் கேட்டா, பேந்தப் பேந்த முழிக்காதடா. பாரிசு சாந்துல பண்ண அச்சு, ஊத்துன பாலுலேருந்து தண்ணிய உறிஞ்சும்; ஓரத்துல ஏடு கட்டும்; வேண்டிய கனம் வந்ததும் மிச்சத்தச் சாச்சு ஊத்திடுவாங்க; உள்ள வெத்துக் கூடு நிக்கும். ஊரு பேரக் காப்பாத்த இதாவது தெரிஞ்சு வச்சுக்க.

இன்னொன்னும் சொல்லிடு. பீங்கான் ஜாடியப் பாத்துட்டு எவனாச்சும் அதுல கொழம்பு வைக்கறன்னு அடுப்புல ஏத்திடப் போறான். சுர்ருன்னு சூடு ஏறுனா விட்டுடும். ஊறுகா போட, உப்பு வைக்க அது. கொழம்புக்கு மண்சட்டி. அதையும் வாங்குன கையோட ஏத்தக் கூடாது. ராத்திரி பூரா தண்ணியில ஊறப் போட்டு, அரிசி கழுவுன தண்ணிய ஊத்தி சின்னத் தீயில கொதிக்க விட்டு எறக்கி, அப்புறம் எண்ண தடவி ஒரு நாளு விட்டு, பொறவுதான் புளிக்கொழம்பு. இதக் கத்துக் குடுக்கற எடத்துல சட்டி ஏற்கெனவே பழகிப் போயி இருக்கும். ஒனக்குச் சொல்ல மறந்துடுவாங்க. நீ வூட்டுக்கு வந்து புதுச்சட்டிய வெடிக்க வச்சிட்டு ‘அந்தக் காலத்துல எப்பிடித்தான் ஆக்குனாங்களோ’ம்ப.

பேச்சுக் குடுக்கறப்ப ‘என்னா வேல, எம்மாம் சம்பளம்’னு ஆரம்பிக்காத. ‘ஒங்க வூட்டுல புளிப்புக்கு என்னா போடுவீங்க?’ன்னு கேளு. மலையாளத்துக்காரன் கொடம்புளிம்பான். கொங்கணத்துக்காரி கோகம்பா. ஆந்திராக்காரன் கோங்குரான்னு சொல்லி எச்சி முழுங்குவான். சிலோனுக்கார அக்கா கொறுக்காயச் சொல்லும். மலேசியாக்காரி அசாம்னு ஒன்னச் சொல்லுவா. அப்புறம் அவுங்கம்மா வச்ச மீன்கொழம்பு வரும், அம்மா வருவாங்க, அம்மா இல்லாத வூடு வரும். நீ வாய மூடிக்கிட்டு மசாலா அரைச்சா போதும். அரைக்கறவன்கிட்ட யாரும் எதையும் மறைக்க மாட்டாங்க.

‘எங்க ஊருல இப்பிடிப் பண்ண மாட்டாங்க’ன்னு மட்டும் வாயத் தொறக்காத. ஒங்க ஊருல நீ எதப் பண்ண, சொல்றதுக்கு?

சொல்லிக் குடுக்கற அம்மா முன்னால நின்னு பேசிக்கிட்டு இருப்பாங்க. அவுங்களுக்குப் பின்னால ஒரு அக்கா, பேரு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க, வெங்காயம் உரிச்சுக்கிட்டு, வெறகத் தள்ளிக்கிட்டு, நீங்க தீய வச்ச சட்டியச் சத்தமில்லாம மாத்திக்கிட்டு நிக்கும். பாடம் அங்க இருக்குது. எல்லாரும் போட்டோவுக்கு நிக்கறப்ப நீ போயி அதுகூடச் சேந்து பாத்திரம் தேச்சுக் குடு. பொன்னாங் கணக்கான சங்கதி எல்லாம் கழுவற எடத்துலதான் வெளிய வரும்; எண்ண எப்ப பிரியும், புளி எப்ப பச்ச வாட போவும், மொதலாளியம்மா எத மறைச்சாங்கன்னு எல்லாம்.

சிநேகிதம்னு சொல்லி வாட்சாப்புல குரூப்பு ஆரம்பிப்பீங்க. மொத வாரம் கொழம்பு படம், ரெண்டாம் வாரம் காலை வணக்கம், அப்புறம் எவனோ நெலம் விக்கறன்னு போடுவான். அது சிநேகிதம் இல்ல. ஒன் வூட்டுக்கு வந்து, ஒன்னக் கேக்காம சட்டி மூடியத் தெறந்து பாக்கறான் பாரு, அவன் சிநேகிதன்.

இதுல ஒரு வேடிக்கையும் இருக்குது. நீ பழசு பழசுன்னு பறக்கற. அந்த வகுப்புல சமைச்சது பழசு. ஆனா முடிச்சுட்டு எல்லாரும் ஒரே வரிசையில எலை போட்டு உக்காருவீங்க பாரு, அது புதுசு. அந்தக் காலத்துல ஒங்க அத்தன பேரையும் ஒரே பந்தியில உக்கார விட்டிருப்பாங்களா? தென்னிந்திய ரயில்வே டேசன் சாப்பாட்டுக் கடையிலயே பிராமணாளுக்குத் தனி எடம், மத்தவங்களுக்குத் தனி எடம். சேரன்மாதேவியில வ.வே.சு. ஐயரு நடத்துன குருகுலம், தேசத்துக்குப் புள்ளைங்கள வளக்கறோம்னு காங்கிரசு பணமும் வாங்குன எடம். அங்கயே 1920கள்ல பிராமணப் புள்ளைங்களுக்குத் தனிப்பந்தி. வரதராசலு நாயுடும் பெரியாரும் கொதிச்சுப் போனாங்க. அது கட்சியையே ரெண்டாக்குன சோறு. அடுப்படிப் பக்கமே வரக்கூடாதுன்னு ஊருல பாதிப் பேர வெளிய நிறுத்துன காலத்தோட சமையலத்தான் நீ இப்ப ஒக்காந்து கத்துக்கற. பழைய கொழம்புதான் வேணும்னு அடம் புடி. பழைய பந்தி வேணும்னு மட்டும் எவனாச்சும் சொன்னா எலைய மடிச்சுட்டு எழுந்து வந்துடு.

பழைய அடுப்பும் வேணும், பொதுப் பந்தியும் வேணும்னா அதுக்கும் ஒரு எடம் இருக்குது. அம்மாந்தூரம் போவ வாணாம். நம்ம டேசன்ல கடலூரு வண்டியில ஏறு. நெய்வேலிய தாண்டுனா வடலூரு. 1867ஆம் வருஷம் மே 23ஆம் தேதி, வள்ளலாரு தருமசாலையத் தொடங்கி அடுப்பு மூட்டுனாரு. பார்வதிபுரத்துச் சனங்க 80 காணி நெலம் குடுத்தாங்க. சாதி கேக்காம, ஊரு கேக்காம, பசின்னு வந்தவனுக்குச் சோறு. அன்னைக்கு மூட்டுன அடுப்ப இன்னும் அணைய விடல. வெள்ளக்காரன் போயிட்டான், ராசா போயிட்டான், ஒன் மிக்சி எத்தனையோ போயிடுச்சு, அந்த அடுப்பு எரிஞ்சுக்கிட்டு இருக்குது. அத விட வரலாறு உள்ள அடுப்படி எந்த அரமனையில இருக்குது, சொல்லு? அங்க போயி காய் நறுக்கக் கைகுடு. பக்கத்துல நறுக்கறது ரிட்டையரான வாத்தியாரா இருக்கும், லாரி டிரைவரா இருக்கும், புள்ள துரத்திவிட்ட கெழவியா இருக்கும். கட்டணம் கெடையாது, சான்றிதழும் கெடையாது. சான்றிதழு இல்லன்னதும் மொகத்தச் சுளிக்கற பாரு!

கடைசியா என் வகுப்புக்கு வா. ஆமாண்டா, நானும் ஒன்னு ஆரம்பிச்சுட்டன். நம்ம முந்திரிக் கொல்லையிலதான். காரைக்குடியில புடிச்ச சிநேகிதம் அத்தனையும் சித்திரக்குள்ள கூட்டிக்கிட்டு வா. மொத பாடம், மரத்தடியில விழுந்த பழத்தப் பொறுக்கி, கொட்டையத் திருவி எடுக்கறது. ரெண்டாம் பாடம், ஓட்டத் தகரத்துல கொட்டையப் போட்டு வெறகு வச்சுச் சுடறது. தோலுலேருந்து எண்ண கக்கி குபீர்னு புடிச்சுக்கும். நீட்டுக் கழியால கௌறிக்கிட்டே இருக்கணும். கருகறதுக்குள்ள தரையில கவுத்து மண்ண வாரிப் போட்டு அணைக்கணும். கிட்ட நின்னு போட்டோ எடுத்தா பொக எரியும். எண்ண கையில பட்டா தோலு உரிஞ்சுடும், அதுக்குத்தான் சாம்பலப் பூசிக்கறது. மூணாம் பாடம், கல்லால தட்டி முழுசா எடுக்கறது. ஒடைஞ்சத ஒங்க சிநேகிதமெல்லாம் தின்னுக்கட்டும். முழுசு எனக்கு.

கட்டணம்னு காசு எதுவும் வாங்க மாட்டன். ஆளுக்கு ஒரு வேள அவுங்கவுங்க ஊருப் பண்டத்த என் அடுப்புல ஆக்கிப் போடணும். அந்த பிரான்சு அம்மா ஆக்கறதுல உப்பு இருக்குதா இல்லியான்னு நான் பாத்துக்கறன். மொறத்தால மூட மாட்டன். கொட்ட பொறுக்க ஆளு கெடைக்காத வருஷம் இதுன்னும், கூலி கேக்கற கேள்வியில நான் படுத்துட்டன்னும் ஒங்கம்மா ஏதாச்சும் சொல்லுவா. நம்பாத. பாரம்பரியத்த அடுத்த தலமொறைக்குக் குடுக்கணும்னு ஒரு நல்லெண்ணந்தான்.

வரலன்னு வையி, மணவாளநல்லூருக்கு நடந்து போயி கொளஞ்சியப்பருகிட்டப் பிராது எழுதிக் கட்டிடுவன்: ‘என் பேரன் ஊரு ஊராக் கூழு காய்ச்சக் கத்துக்கறான், கெழவனுக்கு ஒரு வா ஊத்த வர மாட்டங்கறான்’னு. அப்புறம் அந்தப் பிராத வாபஸ் வாங்க நீதான் வரணும். பஸ்சு செலவும் ஒன்னுதுதான்.